மலைப் பனிக்கு 600 சிசி ஸ்னோமொபைல் போதுமா? என்ன மாற்றலாம்?

கொலராடோ மலைகளில் ஓட்ட 850 சிசி ஸ்னோமொபைல் (பனியில் ஓடும் மோட்டார் வண்டி) வாங்காமல் 600 சிசி வாங்கி, கொஞ்சம் மாற்றிக்கொண்டால் போதுமா என்று கேட்டிருக்கிறீர்கள். தாராளமாகப் போதும்.

முதலில் உயரக் கணக்கு. ஒவ்வொரு 1,000 அடிக்கும் எஞ்சின் ஏறக்குறைய 3% சக்தியை இழக்கும். கொலராடோவின் ரேபிட் இயர்ஸ் கணவாய் 9,400 அடிக்கு மேல். கீழே 125 குதிரைத்திறன் தரும் 600 அங்கே 90 சொச்சம்தான் தரும். அதனால் பெரிய வண்டிக்கான டிராக்கை (வண்டியின் அடியில் சுழன்று பனியைப் பற்றித் தள்ளும் ரப்பர் பட்டை) இதில் மாட்டாதீர்கள். 3 அங்குலப் பற்கள் கொண்ட 165 அங்குல நீள டிராக்கைச் சுழற்றவே நிறையப் பலம் போய்விடும். 146 அல்லது 154 அங்குலம், 2.5 அங்குலப் பல், இதுதான் என் தேர்வு.

காசு செலவழிப்பதென்றால் முதலில் கிளட்சுக்குச் செலவழியுங்கள். எஞ்சினோடு சேர்ந்து சுழலும் முன் கிளட்சில் உள்ள எடைகள் கனமாக இருந்தால், மேலே போனதும் ஆர்பிஎம் விழுந்துவிடும். பல 600 டூ-ஸ்ட்ரோக்குகளுக்கு உச்ச சக்தி 8,000 ஆர்பிஎம்மை ஒட்டித்தான் கிடைக்கும். முழு த்ராட்டிலில் அந்த இடத்தில் முள் நிற்கும்வரை எடையைக் குறையுங்கள். அப்புறம் செயின்கேஸில் (டிராக்கை ஓட்டும் சங்கிலி இருக்கும் பெட்டி) பல் சக்கரத்தை மாற்றி கியரைத் தாழ்த்துங்கள். உச்ச வேகம் குறையும், ஆழ்பனியில் அது தேவையே இல்லை.

சைலன்சர் மாற்றினால் எடை குறையும், சக்தி பெரிதாக அதிகரிக்காது. சத்தம் கூடினால் வழித்தடங்களையே மூடிவிடுவார்கள், வேண்டாம். அந்தப் பணத்தில் பனிச்சரிவு டிரான்ஸ்சீவர் (பனியில் புதைந்தவரைக் கண்டுபிடிக்க உதவும் சிக்னல் கருவி), மண்வெட்டி, பனிக்குள் குத்தித் தேடும் துழாவுகோல் வாங்குங்கள்.