ஏழு வயதுப் பையன் வகுப்பில் கவனிப்பதில்லை; ஈ.ஈ.ஜி. (மூளை அலைப் பதிவு) எடுத்தால் காரணம் தெரியுமா?

"நன்றாகத்தான் வளர்கிறான், பேச்சு, விளையாட்டு எதிலும் குறையில்லை, ஆனால் பள்ளியில் கவனமே இல்லை என்கிறார்கள், மூளை அலையை எடுத்துப் பார்க்கலாமா?" என்று கேட்டிருக்கிறீர்கள். நான் டாக்டர் இல்லை. சேலம் செவ்வாய்ப்பேட்டையில் கொலுசு வியாபாரம். இதே கேள்விக்குக் காசு கொடுத்துப் பதில் வாங்கி ஏமாந்தவன், அவ்வளவுதான்.

மகள் அப்போது இரண்டாம் வகுப்பு. இதே புகார். யாரோ சொன்னார்கள் என்று ஒரு மையத்துக்குக் கூட்டிப்போனேன். மதியச் சாப்பாடு முடிந்து, ஏற்காட்டில் இருந்து இருபது கொண்டை ஊசி வளைவும் இறங்கி வந்த களைப்பில் கொட்டாவி விட்டுக்கொண்டிருந்தவளை உட்காரவைத்து, தலையெல்லாம் பசை தடவித் தொப்பி மாட்டி, சிவப்பும் பச்சையுமாக ஒரு படம் எடுத்துக் கொடுத்தார்கள். 'தீட்டா அலை அதிகம், நாற்பது முறை பயிற்சிக்கு வரணும்.' அந்தச் சிவப்பைப் பார்த்து என் மனைவி இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை.

அப்புறம் குழந்தைகள் நரம்பியல் டாக்டர் ஒருவரிடம் காட்டினோம். படத்தைப் புரட்டிவிட்டு அவர் கேட்ட முதல் கேள்வி: "எத்தனை மணிக்கு எடுத்தாங்க? பாப்பா தூங்கி வழிஞ்சுதா?"

விஷயம் இதுதான். தீட்டா என்பது விநாடிக்கு 4 முதல் 8 வரை துடிக்கும் மெதுவான அலை. தூக்கம் சொக்கினால் யாருக்கும் கூடும், சின்னப் பிள்ளைகளுக்கு இயல்பிலேயே அதிகம். கண்ணை மூடினால் பின்மண்டையில் வரும் ஆல்ஃபா மூன்று வயதில் விநாடிக்கு 8 அளவில்தான் ஓடும், பத்து வயது வாக்கில்தான் 10-ஐத் தொடும். அந்த வேகமும் பிள்ளைக்குப் பிள்ளை மாறும். தீட்டாவை பீட்டா என்னும் வேகமான அலையால் வகுத்து ஏ.டி.எச்.டி. (கவனக்குறைவும் அதிகத் துறுதுறுப்பும் சேர்ந்த கோளாறு) என்று சொல்லும் கணக்கை மட்டும் நம்பி முடிவு கட்டக்கூடாது என்று அமெரிக்க நரம்பியல் அகாடமியே 2016-ல் சொல்லிவிட்டது.

கவனமும் ஒரே சரக்கு இல்லை. விழிப்போடு இருப்பது, வேண்டியதன் பக்கம் திரும்புவது, வேண்டியதை இனம்கண்டு மனதைக் குவிப்பது என்று மூளை ஆராய்ச்சியாளர்கள் போஸ்னரும் பீட்டர்சனும் 1990-லேயே மூன்றாகப் பிரித்தார்கள். கடைசி வேலையில் பெரும்பங்கு நெற்றிப் பக்க மூளைக்கு, அது முழுதாக முதிர இருபது வயதும் தாண்டும். அப்புச்சி, அதாவது என் மாமனார், பட்டறையில் கொலுசுக்குச் சலங்கை கோக்கும்போது என் மகள் பக்கத்தில் உட்கார்ந்து ஒரு மணி நேரம் அசையமாட்டாள், ஒரு சலங்கை குறைந்தாலும் சொல்லிவிடுவாள். அவளுக்கா கவனம் இல்லை?

ஈ.ஈ.ஜி.யே வீண் என்று சொல்லவில்லை. பேசிக்கொண்டிருக்கும்போதே சில விநாடி அப்படியே நின்று வெறித்துப் பார்க்கிறான், கூப்பிட்டாலும் தொட்டாலும் உணர்வில்லை, பிறகு ஒன்றும் நடக்காததுபோலத் தொடர்கிறான், ஒரு நாளில் பலமுறை இப்படி என்றால் அது கவனக்குறைவாக இல்லாமல் ஒருவகை வலிப்பாக இருக்கலாம். அதற்கு ஈ.ஈ.ஜி.தான் சரியான பரிசோதனை, தள்ளிப்போடாதீர்கள். அப்படி நிற்பதை செல்போனில் வீடியோ எடுத்து டாக்டரிடம் காட்டினால் பாதி வேலை மிச்சம்.