புத்தர் வயிற்று மூங்கில் தொட்டியில் புடைத்தும் தரையில் நேராகவும் வளர்வது ஏன்?

புத்தர் வயிற்று மூங்கில் என்பது, கணுக்களுக்கு இடைப்பட்ட பகுதி உருண்டு புடைத்திருக்கும் அழகுக்காக வளர்க்கப்படும், தென்சீனாவையும் வியட்நாமையும் சேர்ந்த மூங்கில். அந்தப் புடைப்பு இதன் நிலையான குணமன்று. குறுகிய தொட்டியும் நீர்ப்பற்றாக்குறையும் இளங்கழியின் நீட்சியைத் தடுக்கும்போது, மேலே தள்ளிய சட்டைக் கை சுருங்கிப் புடைப்பதைப் போல, கணுவிடை குட்டையாகிப் பருக்கிறது. வேருக்கு இடமும் தாராளமான நீரும் கிடைத்தால், அதே செடி 10 மீட்டருக்கு மேலும் நேராக ஓங்கக்கூடியது.

ஒப்பிட்டுப் பார்க்க விரும்புவோர் அருகிலேயே ‘வாமின்’ மூங்கிலை நடலாம். மஞ்சள் மூங்கில் அடங்கும் இனத்தின் குட்டை வகையான அதில், புடைப்பு பரம்பரைக் குணம் என்பதால், நல்ல மண்ணிலும் பெரும்பாலும் நிலைக்கிறது. தோட்டத்துக்கு நான் பரிந்துரைப்பதும் அதையே.

தொட்டியில் வளர்ந்த புத்தர் வயிற்று மூங்கிலைத் தரையில் மாற்றி நட்டால் பழைய கழிகளும் நேராகிவிடும் என்று பலர் எண்ணுகின்றனர். ஆனால், முளைத்து முதிர்ந்த கழியின் வடிவம் பின்னர் மாறாது, புதிதாக எழுபவை மட்டுமே நேராக வளரும்.