ஏலத்தில் பழைய லேப்டாப்: கேட்டவையும் என் பதிலும்

வடசேரியில் லேப்டாப் சர்வீஸ் பெஞ்சில் உட்கார்ந்து 14 வருடம் ஆகிறது. ஆன்லைன் ஏலத்தில் பழைய லேப்டாப் எடுப்பது பற்றி என்ன வேண்டுமானாலும் கேளுங்கள் என்று போன வாரம் சொன்னதுதான், குளச்சலில் தொடங்கி களியக்காவிளை வரைக்கும் கேள்வி வந்துவிட்டது. ஒரே மாதிரி இருந்தவற்றைச் சேர்த்துவிட்டேன், பெயர்களை எடுத்துவிட்டு ஊரை மட்டும் வைத்திருக்கிறேன்.

கேள்வி (குளச்சல்): அண்ணே, ஏலம் என்றால் எனக்குத் துறைமுகத்தில் மீன் ஏலம்தான் தெரியும். ஆன்லைனில் 18,000 ரூபாய் என்று போட்டுவிட்டால் அவ்வளவையும் பிடித்துக்கொள்வார்களா?

மீன் ஏலம் பார்த்து வளர்ந்தவனுக்கு நான் என்ன தம்பி சொல்லித்தருவது! ஆனால் ரெண்டு வித்தியாசம் இருக்கிறது. அங்கே பக்கத்தில் நின்று கேட்கிறவன் முகம் தெரியும், செவுளைத் தூக்கிப் பார்த்துவிட்டுக் கேட்கலாம். இங்கே ரெண்டும் கிடையாது.

தொகை விஷயம் இப்படி. பல தளங்களில் நீங்கள் போடுவது உங்கள் உச்சவரம்பு. அடுத்தவர் கேட்கக் கேட்க உங்கள் சார்பில் தளமே ஒவ்வொரு படியாக ஏற்றிக்கொண்டு போகும். நீங்கள் 18,000 போட்டிருக்கிறீர்கள், அடுத்தவரின் உச்சம் 14,500, படி 250 என்றால் உங்களுக்கு 14,750-க்கு முடியும். அதனால் உச்சத்தை நேர்மையாக ஒரே தடவை போட்டுவிட்டுப் போய்ச் சாப்பிடுங்கள். எல்லாத் தளமும் இப்படி இல்லை, சிலவற்றில் போட்ட தொகையே விலை, ஆகவே விதிகளை முதலில் படியுங்கள்.

கடைசி பத்து வினாடியில் பாய்ந்து கேட்கலாம் என்று சில பேர் காத்திருப்பார்கள். பல ஏலங்களில் கடைசி நேரத்தில் யாராவது கேட்டால் முடிவு நேரம் சில நிமிடம் தானாகவே தள்ளிப்போகும், அங்கே அந்த வித்தை பலிக்காது. நம் ஊர் சீட்டு ஏலத்தில் அவசரக்காரன் தள்ளித் தள்ளிக் கேட்டு நஷ்டப்படுவானே, அந்தக் கதைதான் இங்கேயும் நடக்கும், இங்கே தள்ளுவதற்குப் பதில் ஏற்றுவான்.

கேள்வி (தக்கலை): உச்சவரம்பு என்று சொல்கிறீர்கள், அதை எப்படி முடிவு செய்வது?

அதே மாடல் வாரண்டியோடு நாகர்கோவில் கடையில் என்ன விலை என்று முதலில் கேளுங்கள். கணக்குக்கு 22,000 என்று வையுங்கள். பேட்டரி மாற்ற வேண்டியிருக்கும் என்று வைத்து 3,000 கழியுங்கள். கூரியர், ஏலக் கமிஷன், ஜிஎஸ்டி இதெல்லாம் ஏலத் தொகைக்கு மேலே தனியாக வருகிறதா என்று பாருங்கள், வந்தால் 2,500 போல அதையும் கழியுங்கள். வாரண்டி இல்லாத பயத்துக்கு இன்னொரு 3,000. மிச்சம் 13,500, அதற்கு மேல் ஒரு ரூபாய் கூடப் போடாதீர்கள். 13,750-க்கு வேறொருவன் எடுத்துக்கொண்டு போனால் போகட்டும். அந்த 250 ரூபாய்க்காக மனசு அடித்துக்கொள்ளும், தெரியும், எனக்கும் அடித்திருக்கிறது. அப்படி அடித்து நான் எடுத்த கதை கீழே வருகிறது.

கேள்வி (நாகர்கோவில்): முன்பு இபே இந்தியாவில் ஏலம் எடுத்திருக்கிறேன். இப்போது எங்கே போவது?

பாஸி என்ற இந்தியத் தளத்தை 2004-ல் வாங்கித்தான் இபே இங்கே வந்தது. 2017-ல் ஃப்ளிப்கார்ட் கைக்குப் போய் 2018 ஆகஸ்டில் மூடிவிட்டார்கள். அதன் பிறகு நம் நாட்டில் தனி ஆள் ஒற்றை லேப்டாப் ஏலம் எடுக்கிற வழி ரொம்பக் குறைந்துவிட்டது. புதுப்பித்த லேப்டாப் விற்கிற தளங்களில் பெரும்பாலும் நிலையான விலைதான்.

இப்போது ஏலம் என்றால் அதிகமும் மொத்தச் சரக்கு. கம்பெனிகள் குத்தகை முடிந்ததும் 50, 100 என்று கழிப்பவை, வங்கிகள் கழிப்பவை, அரசுத் துறைகள் எம்எஸ்டிசி வழியாக விடுபவை. எம்எஸ்டிசி மத்திய உருக்கு அமைச்சகத்தின் கீழ் உள்ள நிறுவனம். அங்கே லாட் (ஒன்றாகச் சேர்த்து ஏலம் விடும் சரக்கு) விவரத்தில் 'மின்கழிவு' என்று போட்டிருந்தால் நீங்களும் நானும் கேட்க முடியாது, பதிவு பெற்ற மறுசுழற்சிக்காரர்கள் போன்றவர்களுக்கு மட்டும்தான். இது தெரியாமல் முன்பணத்தைக் கட்டிவிட்டு வந்து நின்றவர்கள் உண்டு. இன்னொரு வரியும் எல்லா இடத்திலும் இருக்கும்: 'உள்ளது உள்ளபடி, உள்ள இடத்தில்'. திறந்து பார்த்து உள்ளே மதர்போர்டே இல்லை என்றாலும் அது உங்கள் பாடு என்று அர்த்தம். சரக்கைப் பார்வையிட நாள் கொடுத்திருப்பார்கள். போய்ப் பாருங்கள், போக முடியாத தூரம் என்றால் விட்டுவிடுங்கள்.

கேள்வி (திங்கள்சந்தை): நீங்கள் ஏமாந்தது உண்டா? உண்மையைச் சொல்லுங்கள்.

உண்டு. ஐந்து லேப்டாப் சேர்ந்த ஒரு லாட். போட்டோவில் ஐந்தும் எரிகிற மாதிரி இருந்தது. எனக்கும் இன்னொருவருக்கும் போட்டி, நான் வீட்டில் எழுதி வைத்த தொகையைத் தாண்டி நாலாயிரம் ஏறிவிட்டேன். பெட்டி வந்தது. ரெண்டு நன்றாக ஓடின. ஒன்றில் திரைக்குக் கீழே கீல் உடைந்து உள்ளே பசை போட்டு ஒட்டியிருந்தார்கள். மிச்ச ரெண்டையும் ஆன் செய்தால் கறுப்புத் திரையில் ஒரு பூட்டுப் படம், பக்கத்தில் பாஸ்வேர்டு கேட்கிற கட்டம். பயாஸ் பாஸ்வேர்டு, அதாவது விண்டோஸ் தொடங்கும் முன்பே லேப்டாப் கேட்கிற பூட்டு. விண்டோஸ் பாஸ்வேர்டு என்றால் விண்டோஸையே புதிதாகப் போட்டுவிட்டால் தீர்ந்தது. இது அப்படி இல்லை, தனிச் சில்லில் எழுதப்பட்டிருக்கும், உள்ளே இருக்கும் சின்ன வட்ட பேட்டரியைக் கழற்றினால் பழைய மாடல்களில் போவது போல பிஸினஸ் மாடல்களில் போகாது. விற்றவர் போனை எடுக்கவில்லை. ரெண்டையும் ஸ்பேர் பார்ட்ஸாகக் கழற்றி இரண்டு வருடம் ஓட்டினேன், திரையும் ரேமும் பயன்பட்டன, ஆனாலும் கணக்குப் பார்த்தால் நஷ்டம்தான்.

கேள்வி (மார்த்தாண்டம்): அப்படியென்றால் போட்டோவை மட்டும் பார்த்து எதைக் கண்டுபிடிப்பது?

அவர் போட்ட போட்டோவை நம்பாதீர்கள் அக்கா, நீங்கள் கேட்கிற போட்டோவை வாங்குங்கள். முதலில் பயாஸுக்குள் நுழைந்த திரை, அப்போதுதான் அதற்குப் பூட்டு இல்லை என்று தெரியும். அடுத்து அடிப்பக்க ஸ்டிக்கர், சீரியல் எண் படிக்கிற மாதிரி. டெல், லெனோவா, ஹெச்பி மூன்றிலும் அந்த எண்ணை கம்பெனி தளத்தில் போட்டால் வாரண்டி எப்போது முடிந்தது என்று வரும், அதிலிருந்து வயது தெரிந்துவிடும். அப்புறம் முழு வெள்ளைத் திரை ஒன்று, முழுக் கறுப்புத் திரை ஒன்று, திரையில் புள்ளியோ கறையோ இருந்தால் அதில் தெரியும். பக்கத்தில் அன்றைய தேதியை ஒரு தாளில் எழுதி வைத்து எடுக்கச் சொல்லுங்கள்.

பேட்டரி ரிப்போர்ட் கட்டாயம். விண்டோஸில் கமாண்ட் பிராம்ப்ட் திறந்து பவர்சிஎஃப்ஜி என்று அடித்து, ஓர் இடம் விட்டு, சாய்கோடு போட்டு, பேட்டரிரிப்போர்ட் என்று சேர்த்து அடிக்க வேண்டும், எல்லாம் ஆங்கில எழுத்தில். ஒரு கோப்பு உருவாகும். அதில் ரெண்டு எண்தான் நமக்கு வேண்டும்: தயாரித்தபோது இருந்த கொள்ளளவு, இப்போது முழுதாக ஏறும் அளவு. 50,000 இருந்தது 31,000 ஆகிவிட்டது என்றால் 62 சதவீதம் மிச்சம். 60-க்குக் கீழே போனால் புது பேட்டரி விலையைக் கணக்கில் சேர்த்துவிடுவேன்.

லேப்டாப்பை மேசையில் வைத்து, மூடியபடி ஒன்று, திறந்தபடி ஒன்று என்று பக்கவாட்டில் எடுத்த போட்டோவும் கேளுங்கள். ஒரு மூலை மேசையில் படாமல் நிற்கிறது, டச்பேட் சற்று மேலே தூக்கிக்கொண்டிருக்கிறது என்றால் பேட்டரி உப்பியிருக்க வாய்ப்பு அதிகம். அது தீப்பிடிக்கிற சமாச்சாரம், மலிவு என்று தொடாதீர்கள்.

கேள்வி (சுங்கான்கடை, மாணவர்): ஐ7 கிடைக்கிறது, ஐ5-ஐ விடக் குறைந்த விலையில். எடுக்கலாமா?

பிராசஸர் பெயரில் ஐ7 என்ற எழுத்தைப் பார்த்து ஏமாறாதே தம்பி, அதற்குப் பின்னால் வரும் எண்ணைப் பார். ஐ7-7500யு ஏழாம் தலைமுறை, ரெண்டே கோர் (பிராசஸருக்குள் வேலை செய்யும் பகுதி). ஐ5-8250யு எட்டாம் தலைமுறை, நாலு கோர். இரண்டாவதுதான் வேகம். அதைவிடப் பெரிய விஷயம், விண்டோஸ் 10-க்கு மைக்ரோசாஃப்ட் தந்த வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஓடு முடிந்துவிட்டது. விண்டோஸ் 11 முறையாக ஏற வேண்டுமென்றால் இன்டெல்லில் பொதுவாக எட்டாம் தலைமுறையும் டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு வசதியும் வேண்டும். ஏலத்தில் ஏழாம் தலைமுறை திடீரென்று மலிந்து கிடப்பதற்கு அதுதான் காரணம், கம்பெனிகள் மொத்தமாகத் தள்ளிவிடுகிறார்கள். லினக்ஸ் போட்டு நிரல் எழுதப் பழகுவதற்கு என்றால் அந்த மலிவு உனக்கு லாபம். பிராஜெக்டுக்கு விண்டோஸ்தான் வேண்டும் என்றால் எட்டுக்குக் கீழே இறங்காதே. ரேம் மதர்போர்டிலேயே ஒட்டியதா, கழற்றி மாற்றலாமா என்றும் கேள். ஒட்டிய 8 ஜிபி கடைசி வரை 8 ஜிபிதான்.

கேள்வி (முட்டம்): பழைய லேப்டாப் வாங்கி ஒரு வருடத்தில் யுஎஸ்பி எல்லாம் போய்விட்டது. பழையது என்பதாலா?

பழையது என்பதால் இல்லை, கடல் காற்று. போன மாதம் உங்கள் பக்கத்திலிருந்து ஒன்று வந்தது, ஜன்னல் ஓரம் கடலைப் பார்த்து வைத்திருந்தாராம். அடி மூடியைக் கழற்றினால் யுஎஸ்பி துளையைச் சுற்றிப் பச்சைப் பாசி பிடித்தது போலச் செம்புக் களிம்பு, ஸ்க்ரூத் தலைகள் எல்லாம் செங்கல் நிறம், விசிறிக்குள் தூசியும் உப்பும் சேர்ந்து கம்பளித் துணி போல ஒட்டியிருந்தது. ஐசோபுரோபைல் ஆல்கஹாலும் பழைய பல் தேய்க்கிற பிரஷ்ஷும் வைத்துத் துடைத்து ரெண்டு துளை பிழைத்தது, ஒன்று போனது போனதுதான். இதனால்தான் ஏலத்தில் எடுக்கும்போது சரக்கு எந்த ஊரிலிருந்து வருகிறது என்று பார்ப்பேன். கடற்கரை ஊர் என்றால் துளைகளைக் கிட்டத்தில் போட்டோ கேட்பேன்.

கேள்வி (கருங்கல்): மாமா துபாயில் இருக்கிறார். அங்கே ஏலத்தில் மலிவாம். அனுப்பச் சொல்லலாமா?

கூரியரில் வேண்டாம். பழைய லேப்டாப் இறக்குமதிக்கு உரிமம் வேண்டும், கஸ்டம்ஸில் மாட்டினால் லேப்டாப்பும் போகும், பணமும் போகும். லீவுக்கு வரும்போது மாமா கையில் கொண்டு வரட்டும். 18 வயது முடிந்த பயணி ஒரு லேப்டாப்பை வரி இல்லாமல் கொண்டு வரலாம், ஒன்றே ஒன்று. திருவனந்தபுரத்தில் இறங்கி வீட்டுக்கு வந்தபின் ரெண்டு விஷயம்: கீபோர்டில் அரபி எழுத்தும் சேர்ந்திருக்கலாம், டைப் செய்ய அது தடையில்லை. சார்ஜர் பிளக் தடிச்ச செவ்வகக் காலாக இருக்கும், சார்ஜரையே மாற்றாதீர்கள், சுவருக்குப் போகும் வயரை மட்டும் மாற்றினால் போதும்.

கேள்வி (குலசேகரம்): ஏலம் ஜெயித்த பிறகு விற்பவர் க்யூஆர் அனுப்பி, ஸ்கேன் செய்து பின் போட்டால் டெபாசிட் திரும்ப வரும் என்கிறார்.

பணம் வர பின் தேவையே இல்லை. பின் போட்டால் பணம் போகும். ஏற்கெனவே போட்டிருந்தால் இதைப் படிப்பதை நிறுத்திவிட்டு சைபர் மோசடி உதவி எண் 1930-க்கு அழையுங்கள்.

கேள்வி (அருமனை): 11,400-க்கு ஒரு திங்க்பேட் ஜெயித்துவிட்டேன், வியாழக்கிழமை வருகிறது. வந்ததும் முதலில் என்ன செய்ய?

பெட்டியைப் பிரிக்கும் முன்பே போனில் வீடியோ ஓடட்டும், முகவரி லேபிளில் தொடங்கி ஆன் ஆகிற வரை வெட்டாமல். தகராறு வந்தால் பேசப்போவது அந்த வீடியோதான். அப்புறம் விண்டோஸை முழுதாக அழித்துப் புதிதாகப் போடுங்கள், தொடக்கத்திலேயே வைஃபையில் இணையுங்கள். ஏதோ ஒரு கம்பெனி பெயரைச் சொல்லி வரவேற்று ஆபீஸ் மின்னஞ்சல் கேட்டால் அந்த லேப்டாப் இன்னும் அவர்கள் கணக்கில் இருக்கிறது. எத்தனை தடவை அழித்தாலும் அது திரும்ப வரும், கம்பெனிதான் எடுத்துவிட வேண்டும். திருட்டுச் சரக்காகவும் இருக்கலாம். அன்றைக்கே திருப்பி அனுப்ப எழுதுங்கள். அப்படி எதுவும் கேட்கவில்லை என்றால் விண்டோஸ் கீ வாங்கக் காசு செலவழிக்காதீர்கள், பெரும்பாலும் போர்டிலேயே இருக்கும், தானாக ஏறிக்கொள்ளும். பில்லைப் பத்திரமாக வையுங்கள். கீல் மட்டும் கொஞ்சம் இறுக்கமாக இருந்தால் நீங்களே எண்ணெய் விடாதீர்கள், வெள்ளிக்கிழமை வடசேரிப் பக்கம் வந்தால் கொண்டு வாருங்கள்.