ரத்தக் கல்ச்சரில் கிருமி வளராதது ஏன்?

கேள்வி: எங்கள் சிறிய மருத்துவமனையில் காய்ச்சல் நோயாளிகளுக்கு 3 மி.லி. ரத்தம் எடுத்துக் கல்ச்சர் (கிருமியை வளர்த்துப் பார்க்கும் சோதனை) வைக்கிறோம். தானியங்கிக் கருவி கிடையாது. டைபாய்டு என்று தோன்றுபவர்களுக்கும் ‘வளர்ச்சி இல்லை’ என்றே வருகிறது. வளர்ந்தால் அது தோல் கிருமி. எங்கே தவறுகிறோம்?

பதில்: முதல் தவறு அந்த 3 மி.லி.தான். ரத்தத்தில் கிருமி பரவிய பெரியவர்கள் பலருக்கு 1 மி.லி.க்கு ஒரு கிருமிகூட இருக்காது. டைபாய்டும் அப்படித்தான். இரண்டு கைகளிலும் தனித்தனியாகக் குத்தி, பாட்டிலுக்கு 8 முதல் 10 மி.லி. வீதம் எடுங்கள். சிறு குழந்தைக்கு எடையைப் பொறுத்து 1 முதல் 3 மி.லி. போதும். பாட்டிலில் உள்ள, கிருமியை வளர்க்கும் திரவம் ரத்தத்தைப் போல் 5 முதல் 10 மடங்கு இருக்க வேண்டும். குறைந்தால், ரத்தத்தின் எதிர்ப்புப் பொருள்களே கிருமியை அடக்கிவிடும்.

ஆன்டிபயாடிக் போடும் முன்பே எடுப்பது அவசியம். கடையில் மாத்திரை வாங்கிப் போட்டுவிட்டு வந்தவரா? அடுத்த வேளை மருந்துக்கு முன் எடுத்து, மருந்தின் பெயரைப் படிவத்தில் எழுதுங்கள். ஆனால் உயிருக்குப் போராடுபவருக்குக் கல்ச்சருக்காக மருந்தைத் தாமதிக்கவே கூடாது. எல்லாம் சரியாகச் செய்தாலும் டைபாய்டில் பத்தில் ஆறு பேருக்குத்தான் கிருமி பிடிபடும். ‘வளர்ச்சி இல்லை’ என்பதை வைத்து மட்டும் நோயில்லை என்று சொல்லிவிடாதீர்கள்.

தோல் கிருமி வருவது அவசரத்தால். ஸ்பிரிட் கலந்த 2% குளோர்ஹெக்சிடின் கிருமிநாசினியால் 30 விநாடி தேய்த்து, தானாகக் காயவிடுங்கள். பிறகு அந்த இடத்தை விரலால் தொட்டுப் பார்க்காதீர்கள். பாட்டிலின் ரப்பர் மூடியையும் ஸ்பிரிட்டால் துடைக்க வேண்டும். இரண்டில் ஒரு பாட்டிலில் மட்டும் கோயகுலேஸ் நெகட்டிவ் ஸ்டெஃபைலோகாக்கஸ் (தோலில் சாதாரணமாக வாழும் கிருமி) வந்தால் பெரும்பாலும் அது தோலிலிருந்து வந்ததே.

பாட்டிலை ஃப்ரிட்ஜில் வைக்காதீர்கள். குளிரில் நிமோகாக்கஸ் (நிமோனியா கிருமி) போன்றவை செத்துவிடும். 35–37 டிகிரி இன்குபேட்டரில் 7 நாள் வைத்து, கலங்கல், குமிழி, ரத்தச் சிதைவு இருக்கிறதா என்று தினமும் பாருங்கள். தெளிவாக இருந்தாலும் முதல் 24 மணி நேரத்துக்குள் ஒருமுறை பிளட் அகார், மெக்கான்கி என்ற கிருமி வளர்ப்புத் தட்டுகளில் பூசிவிடுங்கள். கண்ணுக்குத் தெரியாத வளர்ச்சி அங்கே தெரியும்.

ஒரு எச்சரிக்கை. மழைக்காலத்தில் சர்க்கரை நோயாளியின் ரத்தத்தில் ஆக்சிடேஸ் சோதனையில் பாசிட்டிவும் கிராம் சாயச் சோதனையில் நெகட்டிவும் ஆன கிருமி வளர்ந்து, ஜென்டாமைசினுக்கும் கொலிஸ்டினுக்கும் அடங்காமல் கோ-அமாக்சிக்ளாவுக்கு அடங்கினால், அதைச் ‘சூடோமோனாஸ்’ என்று எழுதி ஒதுக்காதீர்கள். மண்ணிலும் நீரிலும் உள்ள கிருமியால் வரும் கடும் தொற்றான மெலியாய்டோசிஸாக இருக்கக்கூடும். தட்டை முகர்ந்து பார்க்காமல், மூடி ஒட்டி, பெரிய ஆய்வகத்துக்கு அனுப்புங்கள். சிகிச்சை மருத்துவருக்கு அன்றே போனில் சொல்லிவிடுங்கள். செஃப்டாசிடிம் அல்லது மெரோபெனம் தேவைப்படும். வழக்கமான செஃப்ட்ரியாக்சோனை நம்ப முடியாது.