மழை தூறினாலே தூக்கம் போய்விடுகிறது

கேள்வி: ஏரலில் இருக்கிறோம். 2023 டிசம்பர் வெள்ளத்தில் வீட்டுக்குள் கழுத்தளவு தண்ணீர் வந்தது. மொட்டைமாடியில்தான் உயிர் பிழைத்தோம். அன்றிலிருந்து எனக்குச் சரியான தூக்கமில்லை. மழை தூறினாலே எழுந்து, வாசலில் தண்ணீர் ஏறுகிறதா என்று டார்ச் அடித்துப் பார்க்கிறேன். பகலில் பிள்ளைகள்மேல் எரிந்து விழுகிறேன், அழுகை அழுகையாக வருகிறது. அக்கா சாப்பிடும் தூக்க மாத்திரையில் பாதி போட்டுக்கொள்ளலாமா?
- வாசகி, வயது 41

பதில்: அந்த மாத்திரையைத் தொடவே வேண்டாம், அம்மா. அல்பிரசோலம் போன்ற தூக்க மாத்திரைகள் சீக்கிரமே பழக்கமாகிவிடும். அதிர்ச்சிக்குப் பிந்தைய மனப்பாதிப்பை அவை குணப்படுத்துவதும் இல்லை.

பக்கத்துக் காயல்பட்டினத்தில் அன்று ஒரே நாளில் சுமார் 95 செ.மீ. மழை கொட்டியது. அதைக் கண்ட மூளை மழைச் சத்தத்தையே ஆபத்து என்று பதிந்துகொண்டதில் வியப்பில்லை. மூளையில் அமிக்டலா என்ற பகுதி பயத்தைக் கிளப்பும். மூளையின் முன்பகுதி அதை அடக்கிவைக்கும். தூக்கம் கெட்டால் அந்தப் பிடி தளர்ந்துவிடுகிறது. பிள்ளைகளிடம் நீங்கள் எரிந்து விழுவது உங்கள் குணக்கேடு அல்ல. பயம் தூக்கத்தைக் கெடுக்கிறது, கெட்ட தூக்கம் பயத்தை வளர்க்கிறது. ‘கவலை தீர்ந்தால் தூக்கம் தானாக வரும்’ என்று பலர் காத்திருக்கிறார்கள். அது தவறு. நாள்பட்ட தூக்கமின்மையே மனச்சோர்வுக்கு வழிவிடும் என்பதால், அதற்குத் தனியாகச் சிகிச்சை வேண்டும்.

முதலில் அந்த டார்ச்சைக் கவனிப்போம். எழுந்து பார்த்ததும் நிம்மதி வருகிறது, இல்லையா? அந்த நிம்மதிதான் அடுத்த மழைக்கும் உங்களை எழுப்புகிறது. அதனால் படுக்கும் முன் கணவரும் நீங்களுமாக ஒரே ஒரு முறை வானிலை எச்சரிக்கையையும் தாமிரபரணி நீர்திறப்பு அறிவிப்பையும் பாருங்கள். ரெட் அலர்ட் என்றால் மேடான இடத்துக்குப் போய்விடுங்கள். இல்லையென்றால் இரவில் வாசலுக்குப் போக வேண்டாம். சில நாள் கஷ்டமாகத்தான் இருக்கும். தூக்கம் வராவிட்டால் படுக்கையில் புரளாமல், மங்கலான வெளிச்சத்தில் உட்கார்ந்திருந்துவிட்டுக் கண் சொக்கும்போது படுங்கள். எப்போது தூங்கினாலும் காலையில் ஒரே நேரத்துக்கு எழுந்துவிடுங்கள். மதியத்துக்குப் பிறகு காபி, டீ வேண்டாம்.

இத்தனை காலமாகத் தொடர்வதால் மனநல மருத்துவரைப் பார்த்தே ஆக வேண்டும். தூத்துக்குடி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் மனநலப் பிரிவு இருக்கிறது. தூக்கமின்மைக்கென்றே மாத்திரையில்லாத பேச்சு, பயிற்சிச் சிகிச்சை உண்டு, அதைக் கேளுங்கள். ‘இருந்து என்ன பயன்’ என்ற எண்ணம் வந்தால் அந்த ராத்திரியே கணவரிடம் சொல்லிவிட்டு, அரசின் மனநல உதவி எண்ணான 14416க்கு அழையுங்கள். 24 மணி நேரமும் தமிழில் பேசலாம், இலவசம்.

மருத்துவரிடம் போகுமுன் இரண்டு வாரம் படுத்த நேரம், விழித்த நேரத்தைக் குறித்து வையுங்கள். கணவரையும் அழைத்துச் செல்லுங்கள். நீங்கள் சொல்ல மறப்பதை அவர் சொல்வார்.