செவ்வாய்க்கிழமை ஓட்டு, புதன்கிழமை சந்தை: வாசகர் கேள்வி–பதில்

போன இதழில் "அமெரிக்கத் தேர்தல் பற்றிக் கேள்வி இருந்தால் அனுப்புங்கள்" என்று ஒரு வரி போட்டேன், அதுதான் நான் செய்த தப்பு. ஈரோட்டில் என் மேஜை மேல் கடிதம் குவிந்துவிட்டது. பாதிக்கு மேல் திருப்பூரிலிருந்து வந்தவை, காரணம் சொல்லவே வேண்டாம். ஒரே மாதிரி இருந்த கேள்விகளைச் சேர்த்துவிட்டேன், என்னைத் திட்டி எழுதிய இரண்டை மட்டும் தனியாக வைத்திருக்கிறேன்.

ஏனுங்க, 2025 ஆகஸ்ட்ல நம்ம சரக்கு மேல 50 சதவீதம் வரின்னு ஏத்துனாங்களே, ஒரே ஆளு கையெழுத்துல இதெல்லாம் நடக்குமுங்களா? அங்க பார்லிமென்ட்னு ஒண்ணு கிடையாதா?
(பனியன் கம்பெனி வைத்திருக்கும் வாசகர், திருப்பூர்)

இருக்கிறதுங்க. அதன் பெயர் காங்கிரஸ். நம் ஊர் காங்கிரஸ் கட்சிக்கும் அதற்கும் சம்பந்தமில்லை, அங்கே பார்லிமென்டுக்கே அதுதான் பெயர் (இதைச் சொல்லாமல் விட்டால் அடுத்த வாரம் அதற்கென்று நாலு கடிதம் வரும்). வரி போடும் அதிகாரம், இறக்குமதி வரி உட்பட, காங்கிரசுக்குத்தான் என்று அவர்கள் அரசியல் சட்டத்தின் முதல் பிரிவிலேயே இருக்கிறது. ஆனால் காங்கிரசே ஒவ்வொரு காலத்தில் ஒவ்வொரு சட்டம் போட்டு அந்தச் சாவியைக் கொஞ்சம் கொஞ்சமாக ஜனாதிபதி கையில் கொடுத்து வைத்திருக்கிறது. 2025-இல் டிரம்ப் எடுத்தது 1977-ஆம் ஆண்டு நெருக்கடிகாலச் சட்டம் ஒன்றை. அந்தச் சட்டத்தை வைத்து வரி போடலாமா கூடாதா என்று வழக்கு சுப்ரீம் கோர்ட் வரை போனது தனிக் கதை.

அதனால் உங்கள் தொழிலுக்கு வேண்டி அமெரிக்கத் தேர்தலைக் கவனிப்பதாக இருந்தால், நாலு வருஷத்துக்கு ஒருமுறை வரும் ஜனாதிபதி தேர்தலை மட்டும் பார்த்தால் பத்தாது. காங்கிரசில் இரண்டு சபை. கீழ்சபையான பிரதிநிதிகள் சபையில் 435 பேர், அவர்கள் பதவி இரண்டே வருஷம். மேல்சபையான செனட்டில் 100 பேர், ஆறு வருஷம், ஆனால் எல்லோருக்கும் ஒன்றாகத் தேர்தல் வராது, இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை மூன்றில் ஒரு பங்குப் பேர் மட்டும் களத்துக்கு வருவார்கள். அதாவது ஜனாதிபதி நாற்காலியில் சூடு ஏறுவதற்குள், இரண்டாம் வருஷமே, கீழ்சபை மொத்தமும் செனட்டில் மூன்றில் ஒரு பங்கும் தேர்தலைச் சந்திக்க வேண்டும். இதைத்தான் இடைக்காலத் தேர்தல் என்கிறார்கள். 2026-இல் அது நவம்பர் 3. இரண்டாம் உலகப்போருக்குப் பிறகு இந்தத் தேர்தல்களில் ஜனாதிபதியின் கட்சி கீழ்சபையில் இடங்களைக் கூட்டிக்கொண்டது 1998, 2002 என்று இரண்டே தடவைதான், மற்ற எல்லாத் தடவையும் அடி விழுந்திருக்கிறது. சரக்கு வாங்கும் பையர் கடிதத்துக்குக் காத்திருக்கும் நேரத்தில் இதையும் ஒரு கண் பார்த்து வையுங்கள்.

அதிக ஓட்டு வாங்கினவர் தோத்துப்போறதும் குறைவா வாங்கினவர் ஜெயிக்கிறதும் எந்த ஊர் நியாயம்? பிள்ளைகள் கேட்டால் சொல்லத் தெரியவில்லை.
(ஓய்வுபெற்ற ஆசிரியை, கோபிசெட்டிபாளையம்)

அம்மா, பிள்ளைகளுக்கு நம் மாவட்டங்களை வைத்தே சொல்லிக் கொடுங்கள். கோவை மாவட்டத்தில் 10 எம்.எல்.ஏ., ஈரோட்டில் 8, திருப்பூரில் 8, நீலகிரியில் 3. இப்போது ஒரு பேச்சுக்கு, தொகுதி தொகுதியாக எண்ணாமல் மாவட்டத்தின் மொத்த ஓட்டையும் ஒன்றாகக் கொட்டி எண்ணுகிறோம், ஒரே ஒரு ஓட்டு அதிகமாக வாங்கிய கட்சிக்கு அந்த மாவட்டத்து எம்.எல்.ஏ. அத்தனை பேரும் போய்விடுவார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். கோவையில் ஒரு ஓட்டு வித்தியாசத்தில் பத்தும் ஒரு பக்கம் போகும், நீலகிரியில் ஒரு லட்சம் ஓட்டு வித்தியாசத்தில் ஜெயித்தவருக்கு மூன்றுதான் வரும். (2021-இல் கோவையில் பத்தும் ஒரே கூட்டணிக்குத்தானே போனது என்று யாராவது கேட்கக்கூடும். போனது, ஆனால் ஒவ்வொரு தொகுதியாக ஜெயித்துப் போனது. அது வேறு.)

மாவட்டம் என்பதை மாநிலம் என்று மாற்றினால் அமெரிக்கா வந்துவிட்டது. ஒரு மாநிலத்துக்குக் கீழ்சபையில் எத்தனை இடமோ அத்தோடு செனட்டின் இரண்டைக் கூட்டினால் அந்த மாநிலத்தின் தேர்வாளர் (மக்கள் சார்பில் ஜனாதிபதிக்கு ஓட்டளிக்கிறவர்) எண்ணிக்கை. கலிபோர்னியாவுக்கு 54, டெக்சாசுக்கு 40, வயோமிங்குக்கு 3. மாநிலமே இல்லாத தலைநகர் வாஷிங்டனுக்கும் 3 உண்டு. எல்லாம் சேர்த்து 538, அதில் 270 எடுத்தவர் ஜனாதிபதி. மெய்ன், நெப்ராஸ்கா இரண்டைத் தவிர மற்ற 48 மாநிலத்திலும் முன்னால் வந்தவருக்கே மொத்தமும்.

அதனால்தான் 2000-இல் அல் கோர் நாடு முழுக்க 5 லட்சத்துக்கு மேல் அதிக ஓட்டு வாங்கியும், புளோரிடாவில் வெறும் 537 ஓட்டில் புஷ் முன்னால் போனதால் ஆட்சி கைவிட்டுப் போனது. ஐநூற்று முப்பத்தேழு! நம் பக்கம் ஒரு தெருவே அவ்வளவு ஓட்டு வைத்திருக்கும். 2016-இல் ஹிலாரி கிளின்டன் 28 லட்சத்துக்கு மேல் கூடுதலாக வாங்கித் தோற்றார். கலிபோர்னியாவில் அவர் குவித்த கூடுதல் ஓட்டெல்லாம் வாய்க்கால் நிரம்பின பிறகு பாய்ந்த தண்ணீர் மாதிரி, எந்த வயலுக்கும் போய்ச் சேரவில்லை. இதனாலேயே கட்சிக்காரர்கள் உறுதியான மாநிலங்களை எட்டிக்கூடப் பார்க்காமல், பென்சில்வேனியா, மிச்சிகன், விஸ்கான்சின், ஜார்ஜியா, வட கரோலினா, அரிசோனா, நெவாடா என்று இழுபறி மாநிலங்கள் ஏழிலேயே பழியாய்க் கிடக்கிறார்கள். 2024-இல் இந்த ஏழு மாநிலங்களையும் டிரம்ப் அள்ளினார், கணக்கு 312-க்கு 226.

நியாயமா என்று கேட்டீர்கள். என்னைக் கேட்டால் இல்லை. ஆனால் அங்கே இது ஒரு தேசத்தின் ஒரு தேர்தல் இல்லை, ஒரே நாளில் நடக்கிற 50 மாநிலத் தேர்தல். செனட்டைப் பாருங்கள், இன்னும் தெளிவாகும். நம் நீலகிரி மாவட்டத்தில் 2011 கணக்குப்படி 7 லட்சத்து 35 ஆயிரம் பேர். வயோமிங் மாநிலத்தில் 2020 கணக்குப்படி 6 லட்சம்கூடத் தேறவில்லை. அதற்கும் இரண்டு செனட்டர், 3 கோடியே 95 லட்சம் பேர் இருக்கிற கலிபோர்னியாவுக்கும் இரண்டு செனட்டர்.

யாருக்கும் 270 வராவிட்டால்? கீழ்சபை முடிவு செய்யும், அதுவும் தலைக்கு ஒரு ஓட்டு இல்லை, மாநிலத்துக்கு ஒரு ஓட்டு. 1825-இல் அப்படித்தான், ஓட்டிலும் தேர்வாளரிலும் முன்னால் நின்ற ஆண்ட்ரூ ஜாக்சனை விட்டுவிட்டு ஜான் குவின்சி ஆடம்சுக்குக் கொடுத்தார்கள்.

தேர்தலை ஏன் செவ்வாய்க்கிழமை வைக்கிறார்கள்? செவ்வாயோ வெறுவாயோ என்பார்கள் எங்கள் பாட்டி.
(வாசகி, காங்கேயம்)

சந்தைதான் காரணம் என்கிறார்கள். 1845-இல் போட்ட சட்டம், நவம்பரில் முதல் திங்களுக்கு அடுத்து வரும் செவ்வாய். அன்றைக்கு அங்கே பெரும்பாலும் பண்ணையாட்கள். ஓட்டுப்போடக் குதிரை வண்டி கட்டிக்கொண்டு ஒரு நாள் பயணம் போக வேண்டியிருந்தது. ஞாயிறு சர்ச்சுக்குப் போகணும், புதன்கிழமை பல ஊரில் சந்தை. நடுவில் திங்கள் கிளம்பினால் செவ்வாய் ஓட்டு. அறுவடையும் முடிந்திருக்கும், பாதை அடைக்கிற பனியும் வந்திருக்காது. சந்தை நாளில் தேர்தல் வைத்தால் எவன் வருவான் என்பதைக் காங்கேயத்துக்காரர்களுக்கு நான் சொல்லித் தரவேண்டியதில்லை. வேடிக்கை என்னவென்றால் குதிரை வண்டி போய் இத்தனை காலம் ஆகியும் கிழமை மாறவில்லை. நாடு முழுக்க லீவும் கிடையாது, வேலைக்குப் போகிறவர் முன்னாலோ பின்னாலோ போய் வரிசையில் நிற்க வேண்டியதுதான். தபாலிலும், முன்கூட்டியேயும் போடலாம், ஆனால் அதற்கும் மாநிலத்துக்கு மாநிலம் விதி வேறு. நம் தேர்தல் கமிஷன் மாதிரி நாடு முழுக்கத் தேர்தல் நடத்தும் ஒரே அமைப்பு அங்கே இல்லை. 3,000-க்கும் மேற்பட்ட கவுண்டிகள், நம் கணக்கில் மாவட்டம் என்று வைத்துக்கொள்ளுங்கள், அவைதான் பெரும்பாலும் ஓட்டை வாங்கி எண்ணுகின்றன. ராத்திரியோடு ராத்திரியாக "இவர்தான் ஜெயித்தார்" என்று சொல்வது டி.வி.க்காரர்களும் செய்தி நிறுவனங்களும். தேர்வாளர்கள் டிசம்பரில் கூடி ஓட்டளித்து, ஜனவரி 6 அன்று காங்கிரஸ் எண்ணி, ஜனவரி 20 பதவியேற்பு.

1996-இல் எங்கள் ஊரில் 1,033 பேர் நின்றார்கள். அமெரிக்காவில் அப்படி நிற்க முடியுமா?
(வாசகர், மொடக்குறிச்சி)

இந்தக் கேள்வி உங்கள் ஊரிலிருந்து வராமல் வேறு எங்கிருந்து வரும்! இளைய வாசகர்களுக்காக: விவசாயிகள் தங்கள் குறையைக் கேட்க ஆளில்லை என்று சட்டமன்றத் தேர்தலில் கும்பலாக மனுப் போட்டார்கள், ஓட்டுச் சீட்டைப் புத்தகம் மாதிரி அச்சடிக்க வேண்டி வந்தது, தேர்தலும் தள்ளிப்போனது. அதற்குப் பிறகு 250 ரூபாயாக இருந்த டெபாசிட்டை 5,000 ஆக்கினார்கள்.

அங்கே தடுப்பு பெரும்பாலும் கையெழுத்து. சுயேச்சையாக ஜனாதிபதிக்கு நிற்க ஆசைப்பட்டால் மாநிலம் மாநிலமாகப் போய் ஆயிரக்கணக்கில் வாக்காளர் கையெழுத்து வாங்க வேண்டும், ஒவ்வொரு மாநிலத்துக்கும் கணக்கும் கெடுவும் வேறு. ஆனால் ஓட்டுச் சீட்டு நீளத்தில் அவர்கள் உங்களுக்கு இளைத்தவர்கள் இல்லை. ஒரே சீட்டில் ஜனாதிபதி, செனட்டர், கீழ்சபை உறுப்பினர், மாநிலச் சட்டமன்றம், ஷெரிப் என்கிற போலீஸ் அதிகாரி, பல மாநிலங்களில் நீதிபதி, பள்ளிக்கூட போர்டு, அப்புறம் "இந்தப் பள்ளிக்கூடத்துக்குக் கடன் வாங்கலாமா வேண்டாமா" என்று நேரடியாகவே கேட்கும் கேள்விகள். மொடக்குறிச்சியில் ஒரு பதவிக்கு ஆயிரம் பேர், அங்கே ஒரே ஆள் பேனாவோடு நின்று முப்பது பதவிக்கு முடிவு சொல்ல வேண்டும். ஷெரிப்பை ஓட்டுப்போட்டுத் தேர்ந்தெடுக்கும் யோசனையை நம் ஊருக்கு யாரும் கொண்டுவர வேண்டாம் என்பது என் தாழ்மையான விண்ணப்பம்.

கட்சி சார்பில் யார் நிற்பது என்று யார் முடிவு செய்கிறார்கள்?
(சட்டக்கல்லூரி மாணவர், கோவை)

தலைமை அறிவித்த பட்டியல் என்கிற சங்கதியே இல்லை தம்பி. பிரைமரி என்று முதலில் ஒரு சுற்று, அதில் கட்சிக்குள் போட்டியிடுகிறவர்களில் ஒருவரை வாக்காளர்களே பொறுக்குகிறார்கள். சில மாநிலங்களில் அந்தக் கட்சிக்காரராகப் பதிந்தவர் மட்டும்தான் போடலாம், சிலவற்றில் யாரும் போடலாம். 2014-இல் எரிக் கான்டர் என்பவர் கீழ்சபையில் குடியரசுக் கட்சியின் இரண்டாம் இடத்தில் இருந்தவர், சொந்தக் கட்சிக்காரர்களே பிரைமரியில் தோற்கடித்து வீட்டுக்கு அனுப்பினார்கள். நம் ஊரில் சீட் கேட்டுத் தலைவர் வீட்டு வாசலில் நிற்கிறவர், அங்கே ஓட்டுக் கேட்டு வாக்காளர் வீட்டு வாசலில் இரண்டு தடவை நிற்க வேண்டும்.

தொகுதியை உடைத்து மாற்றுவது அங்கேயும் உண்டா?
(வாசகர், சத்தியமங்கலம்)

உண்டு, அதுவும் கட்சிக்காரர்கள் கையாலேயே. கோபி என்ற பாராளுமன்றத் தொகுதி இருந்த இடம் தெரியாமல் போய் 2009-இல் திருப்பூர் என்று புதிதாக ஒன்று வந்ததே, அதை நமக்கு எல்லை நிர்ணயக் கமிஷன் செய்தது. அங்கே பல மாநிலங்களில் சட்டமன்றத்தில் யாருக்குப் பெரும்பான்மையோ அவர்களே கோடு கிழிக்கிறார்கள். 1812-இல் மாசசூசெட்சில் கெர்ரி என்ற கவர்னர் ஒப்புதல் கொடுத்த தொகுதி ஒன்று சாலமாண்டர் என்கிற பல்லி மாதிரிப் பிராணியின் வடிவத்தில் வளைந்து கிடந்தது, பத்திரிகைக்காரர்கள் இரண்டையும் ஒட்டி "கெர்ரிமாண்டர்" என்று பெயர் வைத்தார்கள், இன்றுவரை அதே பெயர்தான். பத்து வருஷத்துக்கு ஒருமுறை ஜனத்தொகைக் கணக்குக்குப் பிறகு செய்வதுதான் வழக்கம், ஆனால் 2025-இல் டெக்சாஸ் நடுவிலேயே குடியரசுக் கட்சிக்கு ஐந்து இடம் கூடும்படி கோட்டை மாற்ற, பதிலுக்குக் கலிபோர்னியா அதே வருஷம் நவம்பரில் மக்களிடமே ஓட்டு வாங்கி ஜனநாயகக் கட்சிக்குச் சாதகமாக மாற்றியது. வரப்புத் தகராறு எல்லா ஊரிலும் ஒன்றுதான்.

என் பொண்ணு டெக்சாஸ்ல கிரீன் கார்டு வாங்கிட்டா. அவளுக்கு ஓட்டு உண்டா சாமி?
(வாசகி, பெருந்துறை)

இல்லைங்கம்மா. ஜனாதிபதி, காங்கிரஸ் தேர்தல்களில் குடியுரிமை வாங்கினவருக்குத்தான் ஓட்டு. கிரீன் கார்டு வாங்கிச் சாதாரணமாக ஐந்து வருஷம் கழித்துக் குடியுரிமைக்கு மனுப் போடலாம், ஆனால் அது கிடைத்த அன்றே இந்தியக் குடியுரிமை போய்விடும். அதுவரை அவருக்குப் பெருந்துறையில்தான் ஓட்டு, வெளிநாட்டு வாக்காளராகப் பெயர் பதிந்துகொண்டு நேரில் வந்து போட வேண்டும். ஓட்டைச் சாக்கு வைத்தாவது வரச் சொல்லுங்கள்.

பிடிக்கலைன்னா ஜனாதிபதியைக் கவிழ்க்க முடியுமா?
(லாரி புக்கிங் ஆபீஸ் வாசகர், சங்ககிரி)

1999-இல் வாஜ்பாய் ஆட்சி ஒரே ஓட்டில் கவிழ்ந்த மாதிரி முடியாது. கீழ்சபை பாதிக்கு மேல் ஓட்டுப் போட்டுக் குற்றம் சாட்டலாம், பதவியைப் பறிக்கச் செனட்டில் மூன்றில் இரண்டு பங்கு வேண்டும். ஆண்ட்ரூ ஜான்சன், கிளின்டன், டிரம்ப் (இரண்டு தடவை) என்று மூன்று பேர் மேல் குற்றம் சாட்டியிருக்கிறார்கள், ஒருவர்கூடப் பதவி இழக்கவில்லை.

கடைசியா ஒண்ணுங்க, அங்க ஓட்டுக்குக் காசு உண்டா?
(பெயர் வேண்டாம் என்ற வாசகர், தாராபுரம்)

ஓட்டுக்குக் காசு கொடுப்பது அங்கே மத்திய அரசின் சட்டப்படிக் குற்றம். ஆனால் 2024-இல் டிரம்புக்காக 25 கோடி டாலருக்கு மேல் செலவழித்த எலான் மஸ்க்கின் அமைப்பு, இழுபறி மாநிலங்களில் அரசியல் சட்டத்தை ஆதரிக்கும் ஒரு மனுவில் கையெழுத்துப் போட்டவர்களுக்குத் தினமும் ஒருவருக்கு 10 லட்சம் டாலர் கொடுத்தது. வாக்காளராகப் பதிந்திருக்க வேண்டும், யாருக்குப் போடுவாய் என்று கேட்கவில்லை. வழக்குப் போட்டார்கள், பிலடெல்பியா நீதிபதி நடக்கட்டும் என்றுவிட்டார். டோக்கன் இல்லைங்க, மேடையில் வைத்து ஆள் உயரத்துக்குச் செக்.