ஸ்கெட்ச் புக்கோடு ஒகேனக்கல் போகலாமா? வாசகர் கேள்விகளும் பதில்களும்

பயணத்தில் படம் வரைய ஆசை. கடையில் கேட்டால் பெரிய பட்டியலாகச் சொல்கிறார்கள். எதிலிருந்து ஆரம்பிப்பது?
– கல்லூரி மாணவி, பாலக்கோடு

அந்தப் பட்டியலை இப்போதைக்கு மடித்து வையுங்கள். கோடு போடாத ஏ5 நோட்டு ஒன்று, தினமும் எழுதும் பால்பாயிண்ட் பேனா ஒன்று. முதல் மாதத்துக்கு இவ்வளவுதான் வேண்டும். ஏ5 என்பது ஏ4 தாளில் பாதி. பஸ் ஸ்டாண்டில் மடியில் வைத்து வரையத் தோதான அளவு. அட்டை மட்டும் கெட்டியாக இருக்கட்டும், வெளியே போனால் அதுதான் உங்கள் மேசை. ரப்பர் வேண்டவே வேண்டாம். அது கையில் இருந்தால் ஒரே கோட்டைப் பத்து முறை அழித்துக்கொண்டிருப்போம், அதற்குள் பஸ் வந்துவிடும்.

வண்ணம் தீட்டத் தோன்றும்போது தாளைப் பற்றி யோசிக்கலாம். ஜெராக்ஸ் தாள் 70, 75 ஜிஎஸ்எம்தான் (ஒரு சதுர மீட்டர் தாள் எத்தனை கிராம் என்ற கணக்கு அது; எண் கூடினால் தாள் கெட்டி). தண்ணீர் பட்டதும் அப்பளம் மாதிரி நெளியும். லேசாகத் தீட்ட 200 ஜிஎஸ்எம், நன்றாக ஈரம் வைத்துத் தீட்ட 300. பள்ளிப் பிள்ளைகளின் 12 வண்ண வாட்டர் கலர் பெட்டியே போதும். ஜெல் பேனாவில் வரைந்து அதன்மேல் தீட்டினால் மை பெரும்பாலும் கரைந்துவிடும். பால்பாயிண்ட் மையில் எண்ணெய்ப் பசை உண்டு, அது நிற்கும்.

ஒகேனக்கல்லில் அருவியை வரைந்தேன். மழை பெய்கிற மாதிரி வெறும் கோடுகளாக வந்தது. சாரலில் தாளும் நனைந்துவிட்டது.
– பென்னாகரம் வாசகர்

தண்ணீரை விட்டுவிட்டுப் பாறையை வரையுங்கள். அங்கே பாறைகள் ஈரத்தில் கறுத்து, மடிப்பு மடிப்பாக நிற்கும். அந்தக் கறுப்பைப் பேனாவால் அழுத்தமாக நிரப்பிக்கொண்டே வந்து, நடுவில் தாளின் வெள்ளையை அப்படியே விடுங்கள். அந்த வெள்ளைதான் காவிரி. நீர் விளிம்பைத் தாண்டி வளைகிற இடத்தில் இரண்டு மூன்று கோடு போதும். கீழே சாரல் எழும்பும் இடத்தில் பாறையின் ஓரத்தை முடிக்காமல் மங்க விடுங்கள். கன்னடத்தில் ஒகேனக்கல் என்ற பெயருக்கே புகையும் கல் என்றுதானே பொருள்! கல்லையும் புகையையும் பிடித்துவிட்டால் அருவி தானாக வந்துவிடும்.

சாரலுக்கு நேர் எதிரே உட்காராமல் பரிசல் துறைப் பக்கம் வாருங்கள். புதிதாக வரைபவருக்குப் பரிசலைவிட நல்ல வாத்தியார் கிடையாது. கரையில் கவிழ்த்து வைத்ததை முதலில் வரையுங்கள், ஆமை ஓடு போல எளிது. அப்புறம் நீரில் மிதப்பதைப் பாருங்கள். பரிசல் வட்டம் என்று நமக்குத் தெரியும், அதனால் கை வட்டமாகவே போட்டுவிடும். ஆனால் கரையிலிருந்து பார்க்கும்போது அது பக்கவாட்டில் நீண்ட முட்டை வடிவம். தூரம் போகப் போக இன்னும் சப்பையாகி, கடைசியில் ஒரு கீற்றுதான் தெரியும். கையை நேராக நீட்டிப் பேனாவைப் படுக்கையாகப் பிடித்து, ஒரு கண்ணை மூடி அளந்து பாருங்கள்: உயரத்தைப் போல அகலம் எத்தனை மடங்கு? இது கைவந்தால் டீ டம்ளர், குடம், கிணற்று வாய் எல்லாம் சரியாக வரும். எங்கள் வகுப்பில் ஒரு முழு நாளை நான் இதற்கே ஒதுக்குவேன்.

எந்த மலையை வரைந்தாலும் முக்கோணமாகவே வருகிறது.
– கிருஷ்ணகிரி

பள்ளிக்கூடத்தில் பழகிய மலை அது. கோட்டை மலையின் எதிரே உட்கார்ந்து, தாளைப் பார்க்காமல் மலையின் ஓரத்தை மட்டும் கண்ணால் தொடர்ந்து, அதே வேகத்தில் பேனாவை நகர்த்துங்கள். வழுக்குப் பாறை, புதர், சுவர் என்று ஒவ்வொரு மேடு பள்ளமும் கோட்டில் ஏறும். கோணல் மாணலாக வந்தாலும் அது கிருஷ்ணகிரி மலையாக இருக்கும். பின்னால் நிற்கும் மலைகளை வெளிறிய கோட்டில் போடுங்கள்.

1792இல் ஆங்கிலேய ஓவியர் தாமஸ் டேனியலும் அவருடைய சகோதரர் மகன் வில்லியமும் நம் பாராமகால் பகுதி (கிருஷ்ணகிரி, தருமபுரி வட்டாரத்தின் அந்தக் காலத்துப் பெயர்) வழியாகப் பயணம் போனபோது ராயக்கோட்டையை வரைந்தார்கள். வழியில் பென்சில் கோடும் லேசான வண்ணமும் மட்டும். அச்சுப் படமாக்கியது லண்டன் திரும்பிய பிறகு. இடத்தில் வரைவதை அங்கேயே முடித்தாக வேண்டும் என்று நீங்களும் நினைக்க வேண்டாம்.

சந்தையில் உட்கார்ந்தால் எல்லாரும் எட்டிப் பார்க்கிறார்கள். கூச்சமாக இருக்கிறது. ஆட்களும் அசைந்துகொண்டே இருக்கிறார்கள்.
– போச்சம்பள்ளி

எட்டிப் பார்ப்பவரிடம் நோட்டை நீட்டிக் காட்டிவிடுங்கள். ‘அட, நம்ம தராசு!’ என்று சொல்லிவிட்டு அவர் வேலையைப் பார்க்கப் போய்விடுவார். சுவரில் சாய்ந்து உட்கார்ந்தால் முதுகுப் பக்கம் யாரும் நிற்க முடியாது.

அசைவுக்கு வருவோம். மாசி, பங்குனியில் புளி தட்டும் பெண்களைக் கவனியுங்கள். ஒரு கை பழத்தைக் கல்லில் பிடிக்கும், மறு கை தட்டும், கொட்டை விலகும், சதை ஒரு பக்கக் குவியலுக்குப் போகும். திரும்ப அதேதான். ஓங்கிய கைக்கு ஒரு படம், குனிந்த தலைக்கு ஒரு படம் என்று பக்கம் பக்கமாக இரண்டைத் தொடங்கி, அந்த நிலை திரும்பும்போதெல்லாம் அதில் ஒரு கோடு சேருங்கள். அதற்கு முன்னால் ‘அக்கா, உங்களை வரையலாமா?’ என்று கேட்டுவிடுங்கள். வேண்டாம் என்றால் புளிக் குவியலை வரையுங்கள்.

போட்டோ பார்த்து வரையலாமா?
– ஓசூர்

வரையலாம். ஆனால் இடத்தில் ஐந்து நிமிடமாவது வரைந்துவிட்டு, மீதியைப் போட்டோ பார்த்து முடியுங்கள். போட்டோவில் நிழல் கறுத்துக் கிடக்கும். நேரில் பார்த்தால் நிழலுக்குள்ளும் நிறம் தெரியும்.

எனக்கு 61 வயது. கை லேசாக நடுங்குகிறது. இனிமேல் பழக முடியுமா ஐயா?
– ஊத்தங்கரை

தாராளமாக முடியும் அம்மா. சுண்டுவிரலைத் தாளில் ஊன்றிக்கொண்டு சின்னச் சின்னக் கோடுகளாகப் போடுங்கள். புளியமரத்துப் பட்டைக்கும் பாறைக்கும் நடுங்கிய கோடுதான் அழகு, நேர்கோடு போட்டால் அவை சிமெண்ட் தூண் மாதிரி நிற்கும். முதல் படத்துக்கு எங்கும் போக வேண்டாம். நாளைக் காலை திண்ணையில் உட்கார்ந்து எதிர்வீட்டு வாசலை வரைந்து, ஓரத்தில் தேதியும் நேரமும் எழுதி எனக்கு அனுப்புங்கள். அன்று என்ன கோலம் போட்டிருந்தார்கள் என்று பார்க்க ஆசையாக இருக்கிறது.